பெயரில்லாத பட்டியலில் முன்னோரைத் தேடுவது: அமெரிக்க அடிமைக் கணக்கெடுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பில் வந்து முட்டி நிற்பார்கள். அங்கே சம்பந்தம் செய்துகொண்ட தமிழ்க் குடும்பங்களிலிருந்தும், பேரப்பிள்ளைகளின் இன்னொரு பக்கத்து வழியைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களிடமிருந்தும் இது பற்றிக் கேள்விகள் வருகின்றன. பாதிக் கேள்விகள் ஒரே குழப்பத்திலிருந்து பிறப்பவை: இந்த ஏட்டை மனிதர்களின் பட்டியல் என்று நினைத்துக்கொண்டு திறக்கிறார்கள். இது உடைமைக்காரர்களின் பட்டியல். அவர்களிடம் என்னென்ன வயதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் இதில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடிமை அட்டவணை என்றால் சரியாக என்ன?

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850, 1860 ஆகிய இரண்டு முறை மட்டும், அடிமைமுறை இருந்த மாநிலங்களில் அடிமைகளுக்கென்று தனி ஏடு போட்டார்கள். அதைத்தான் ஸ்லேவ் ஷெட்யூல், அதாவது அடிமை அட்டவணை என்கிறார்கள். சுதந்திரமானவர்கள் முதலாம் அட்டவணையில் பெயரோடு வருவார்கள். அடிமைகள் இரண்டாம் அட்டவணையில் பெயரில்லாமல் வருவார்கள். 1850இல் சுமார் 32 லட்சம் பேர், 1860இல் சுமார் 39.5 லட்சம் பேர் இப்படிப் பதிவானார்கள். தெற்கு மாநிலங்களோடு நின்றுவிடாதீர்கள், உள்நாட்டுப் போரில் வடக்கோடு நின்ற மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி, டெலவேர் மாநிலங்களுக்கும் இந்த ஏடுகள் உண்டு.

ஏன் பெயர் எழுதவில்லை? யாருக்கும் தோன்றவில்லையா?

தோன்றியது. 1850க்கான முதல் வரைவில் அடிமைகளின் பெயர், பிறந்த இடம், ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் கேட்கப்பட்டிருந்தன. செனட்டில் தெற்கு உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், இந்த விவரமெல்லாம் எதற்கு, யாருக்கு என்றார்கள். கடைசியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண் வந்தது, பிறந்த இடமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் போயே போய்விட்டன. ஒரு விவாதத்தில் வெட்டப்பட்ட அந்த மூன்று பத்திகள் (ஏட்டின் மேலிருந்து கீழாக ஓடும் கட்டங்கள்) இருந்திருந்தால் இந்தக் கேள்வி-பதிலுக்கே தேவை இருந்திருக்காது.

கணக்கெடுப்பின் அடிப்படை நோக்கமும் இங்கே தெரிந்திருக்க வேண்டும். அன்றைய அரசியல் சட்டப்படி ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது, அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொண்டார்கள். அரசுக்கு வேண்டியது எண்ணிக்கை, ஆட்கள் அல்ல.

விதிவிலக்குகளும் உண்டு. 1850இல் டெக்சஸின் போவி கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி மாநிலத்தின் ஒரு பிரிவு), டென்னசியின் ஸ்காட் கவுண்டி, 1860இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்ஷயர் கவுண்டி, கென்டக்கியின் பாய்ட் கவுண்டி போன்ற ஒரு சில இடங்களில் கணக்கெடுப்பாளர்கள், விதிமுறை கேட்காமலேயே, முதற்பெயரை எழுதிவைத்தார்கள். நூறு வயது தாண்டியவர்களுக்கும் சில ஏடுகளில் பெயர் இருக்கும். உங்கள் கவுண்டி இதில் இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் தலைகால் புரியவில்லை. எப்படி வாசிப்பது?

பக்கம் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். இடது பாதியை மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டுத்தான் வலது பாதிக்குப் போக வேண்டும், குறுக்கே வாசித்தால் ஒருவருடைய அடிமைகள் இன்னொருவர் கணக்கில் போய்விடுவார்கள்.

முதல் பத்தியில் உடைமைக்காரரின் பெயர். அது முதல் வரியில் ஒரே ஒருமுறைதான் இருக்கும், அதற்குக் கீழே அடுத்த பெயர் வரும்வரை எல்லா வரிகளும் அவருடையவை. பெரிய தோட்டக்காரர் என்றால் மூன்று நான்கு பக்கங்களுக்கு வெறும் எண்களாகவே ஓடும், அதனால் நீங்கள் திறந்த பக்கத்தின் உச்சியில் பெயர் இல்லையென்றால் முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அடுத்த பத்தியில் எண்ணிக்கை. சிலர் ஒவ்வொரு வரிக்கும் 1 என்று போட்டிருப்பார்கள், சிலர் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டிருப்பார்கள். பிறகு வயது, பால், நிறம். அதற்கப்புறம் தப்பியோடியவரா, அந்த ஆண்டில் விடுவிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், காது கேளாதவர், பார்வையற்றவர், மனநலம் குன்றியவர் என்ற பத்திகள். 1860இல் கூடுதலாக ஒரு பத்தி, அடிமைகளின் குடிசைகள் எத்தனை என்று. வயதுப் பத்தியில் 3/12 என்று இருந்தால் மூன்று மாதக் குழந்தை.

அந்தக் குடிசை எண்ணிக்கையைப் பலர் கவனிப்பதே இல்லை. 22 பேருக்கு 5 குடிசை என்றால் அங்கே குடும்பங்களாக வாழ்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்று ஊகிக்கலாம். 6 பேர், ஒரே குடிசை, எல்லோரும் இளைஞர்கள் என்றால் கதை வேறு.

வரிசையாக அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறார்களா?

சில கணக்கெடுப்பாளர்கள் அப்படி எழுதினார்கள். 40 வயது ஆண், 35 பெண், 15, 12, 9, 4 என்று இறங்கி, மறுபடியும் 30 ஆண், 28 பெண் என்று ஏறினால் குடும்ப வரிசையாக இருக்கலாம். ஆனால் நிறையப் பேர் மூத்தவரில் தொடங்கி இளையவர்வரை ஒரே இறக்கமாக எழுதிவிட்டார்கள், இன்னும் சிலர் ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு என்று. ஆகவே பக்கத்துப் பக்கத்து வரியில் இருப்பதாலேயே கணவன் மனைவி என்று முடிவுகட்டாதீர்கள்.

இன்னொரு சிக்கல், கணவனும் மனைவியும் வேறு வேறு உடைமைக்காரர்களிடம் இருப்பது சகஜம். கணவன் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பான், அனுமதி கிடைத்தால் சனிக்கிழமை இரவு வந்து போவான். பிள்ளைகள் சட்டப்படி தாயின் உடைமைக்காரருக்கே சொந்தம். அதனால் 1860 ஏட்டில் ஒரு குடும்பத்தைத் தேடும்போது தாயையும் சின்னப் பிள்ளைகளையும் ஒரு தொகுதியாக எடுத்துக்கொண்டு தேடுங்கள், தகப்பன் அங்கே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதற்காக அந்தப் பட்டியலைத் தள்ளிவிடாதீர்கள்.

வயதை நம்பலாமா?

பத்து வயதுக்குக் கீழே ஓரளவு நம்பலாம். மேலே போகப் போக 30, 35, 40, 50 என்று உருண்டைக் கணக்குத்தான். கணக்கெடுப்பாளர் கேட்டது பெரும்பாலும் உடைமைக்காரரையோ, அவர் மனைவியையோ, மேற்பார்வையாளரையோதான். சம்பந்தப்பட்டவரையே கேட்டிருந்தால்கூட, பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்காத வாழ்க்கையில் சரியான வயது எங்கிருந்து வரும்?

என் வழக்கம், பெரியவர்களுக்கு முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு, பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு தளர்வு கொடுப்பது. அதைவிட முக்கியம் பிள்ளைகளுக்கு இடையே உள்ள இடைவெளி. நான்கு பிள்ளைகளின் வயது 11, 8, 6, 1 என்றால் அந்த இடைவெளிகளும் ஆண், பெண் வரிசையும் சேர்ந்து ஒரு கைரேகை மாதிரி. ஒற்றை ஆளை வயதை வைத்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம், தொகுதியாகப் பொருத்தினால் கொஞ்சம் வழி பிறக்கும்.

‘பி’, ‘எம்’ என்று நிறப் பத்தியில் இருப்பது?

பி என்றால் பிளாக், எம் என்றால் முலாட்டோ, அதாவது கலப்பினத்தவர் என்று அன்று சொன்னது. இது கணக்கெடுப்பாளரின் பார்வை, அல்லது உடைமைக்காரரின் வாய்ச்சொல். ஒரே ஆள் 1870இல் எம், 1880இல் பி என்று வருவது மிகச் சாதாரணம். இதைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் காரணம் காட்டி யாரையும் ஒதுக்க வேண்டாம்.

பெயர் போட்டிருப்பவர்தானே உடைமைக்காரர்?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் 1850இன் விதிமுறையே வேறு மாதிரி சொல்கிறது. அடிமை யார் வீட்டில் அல்லது யார் தோட்டத்தில் வேலை செய்கிறாரோ அவரையே உடைமைக்காரராகக் கொள்ளுங்கள், நமக்கு வேண்டியது அடிமைகளின் எண்ணிக்கைதான், எஜமானர்களின் எண்ணிக்கை அல்ல என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் அடிமைகளை ஆண்டு வாடகைக்கு விடுவது பெரிய தொழில். ரயில் பாதை, புகையிலை ஆலை, உப்பளம், இரும்பு உலை என்று வாடகைக்குப் போனவர்கள் அந்த நிறுவனத்தின் பெயரிலோ மேலாளரின் பெயரிலோ பதிவாகியிருக்கலாம். 1860இல் வர்ஜீனியாவின் சில ஏடுகளில் உடைமைக்காரர், வாடகைக்கு எடுத்தவர் இரண்டு பெயரும் இருக்கும், அது கிடைத்தால் பொக்கிஷம்.

இதோடு முடியவில்லை. உடைமைக்காரர் இறந்துபோய்ச் சொத்து பிரிபடாமல் இருந்தால் ‘இன்னார் எஸ்டேட்’ என்றோ, உயிலை நிறைவேற்றுபவர் பெயரிலோ வரும். தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் பகுதியில் ஆயிரம் பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்த ஜோஷுவா வார்டு 1853இல் இறந்தார், ஆனால் 1860 ஏட்டிலும் அவர் எஸ்டேட்டின் பெயர் நிற்கிறது. தகப்பன் இல்லாத சிறுவர்களின் சொத்து கார்டியன் பெயரில் இருக்கும். மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் ஒரு டிரஸ்டியின் பெயரில் இருக்கலாம். ஒரே ஆளுக்கு மூன்று கவுண்டிகளில் தோட்டம் இருந்தால் மூன்று ஏடுகளிலும் தேட வேண்டும், சில இடங்களில் அவர் பெயருக்குப் பதில் மேற்பார்வையாளர் பெயர்தான் இருக்கும்.

இதைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். 1860 முதலாம் அட்டவணையில் சுதந்திரமானவர்களுக்கு நிலத்தின் மதிப்பும் அசையும் சொத்தின் மதிப்பும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள். அடிமைகளின் ‘விலை’ அசையும் சொத்தில்தான் சேரும். ஒருவருக்கு அசையும் சொத்து 20,000 டாலர் என்று இருந்து, அதே கவுண்டியின் அடிமை அட்டவணையில் அவர் பெயரே இல்லையென்றால், ஆட்கள் வேறு எங்கோ, வேறு யார் பெயரிலோ இருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

அடிமை அட்டவணையிலிருந்து நிச்சயமாக அல்ல. இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாக 1870வரை வாருங்கள். அடிமைமுறை 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு ஒழிந்தது, ஆகவே விடுதலை பெற்ற எல்லோரும் முதற்பெயர், குடும்பப்பெயரோடு வரும் முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870தான். அதில் குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்ற பத்தி கிடையாது, 1880இல்தான் அது வந்தது. அதனால் 1880ஐ முதலில் எடுத்துவிட்டு 1870க்குப் போவது புத்திசாலித்தனம். 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போய்விட்டன, 1900க்கும் 1880க்கும் இடையிலான அந்த இருபது ஆண்டு ஓட்டையை வேறு ஆவணங்களால் நிரப்ப வேண்டியிருக்கும்.

1870இல் குடும்பம் கிடைத்ததும் வயதில் பத்து, இருபது கழித்து ஒரு மாதிரிப் பட்டியல் தயார்செய்யுங்கள். உதாரணத்துக்கு, 1870இல் ஒரு வீட்டில் ஆண் 52, பெண் 47, பையன்கள் 24, 19, பெண் பிள்ளை 14, குழந்தை 4 என்று வைத்துக்கொள்வோம். 1860இல் நீங்கள் தேட வேண்டியது ஆண் 42, பெண் 37, ஆண் 14, ஆண் 9, பெண் 4. குழந்தை அப்போது பிறக்கவில்லை. 1850இல் ஆண் 32, பெண் 27, ஆண் 4. மூன்று கணக்கெடுப்புகளுக்கும் ஜூன் 1தான் கணக்குத் தேதி என்பதால் கழித்தல் சுலபம்.

அப்புறம் அந்த 1870 பக்கத்தின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள், முன்னே நாலைந்து பக்கம், பின்னே நாலைந்து பக்கம். விடுதலை பெற்றவர்களில் பலர் அந்த ஐந்து ஆண்டில் வெகுதூரம் போகவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளை நிலக்காரர்கள் யார், 1860இல் அவர்களிடம் அடிமைகள் இருந்தார்களா, அதே குடும்பப்பெயர் கொண்ட மற்றக் கறுப்பினக் குடும்பங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் சந்தேகப் பட்டியல்.

முன்னோரின் குடும்பப்பெயரும் உடைமைக்காரரின் பெயரும் ஒன்றுதானே?

சில குடும்பங்களில் ஆம். பலவற்றில் இல்லை. கடைசி உடைமைக்காரரின் பெயரை வைத்துக்கொண்டவர்களும் உண்டு, அதற்கு முந்தையவரின் பெயரை, தகப்பன் அல்லது பாட்டன் இருந்த தோட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அடிமையாக இருந்தபோதே தங்களுக்குள் ஒரு குடும்பப்பெயரைப் புழங்கிவந்து, எஜமானருக்குத் தெரியாமல் காப்பாற்றி, 1865க்குப் பிறகு வெளியே சொன்னவர்களும் இருக்கிறார்கள். அண்ணன் தம்பிகள் வேறு வேறு பெயரில் இருப்பதும் நடக்கும். ஆகவே பெயர் ஒற்றுமையை முதல் ஊகமாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள், தோற்றால் வருத்தப்படாமல் அடுத்த பெயருக்குப் போங்கள்.

பெயரை வைத்து உடைமைக்காரரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வேறு எது பாலமாகும்?

1865க்கும் 1870க்கும் நடுவே உருவான ஆவணங்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஃபிரீட்மென்ஸ் வங்கி, அதாவது விடுதலை பெற்றவர்களுக்கான சேமிப்பு வங்கி. 1865 முதல் 1874வரை நடந்த இந்த வங்கியில் கணக்குத் தொடங்கியவரிடம் தாய், தகப்பன், சகோதரர்கள், பிறந்த இடம், சில கிளைகளில் பழைய எஜமானரின் பெயர், தோட்டத்தின் பெயர்வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். வங்கி திவாலாகிப் பலரின் சேமிப்பை விழுங்கிவிட்டது, ஏடுகள் மட்டும் மிஞ்சின.

ஃபிரீட்மென்ஸ் பியூரோ விடுதலை பெற்றவர்களுக்கு உதவ 1865 முதல் 1872வரை இயங்கிய அரசு அமைப்பு. அதில் கூலி ஒப்பந்தங்கள், திருமணப் பதிவுகள், ரேஷன் பட்டியல்கள், புகார் மனுக்கள் எல்லாம் இருக்கின்றன. 1865, 1866 கூலி ஒப்பந்தங்களில் மறுபக்கம் கையெழுத்திட்டவர் பழைய எஜமானராகவே இருப்பது அடிக்கடி நடக்கும். வர்ஜீனியா, வட கரோலினா போன்ற இடங்களில் 1866இல் எடுத்த இணைவாழ்வுப் பதிவுகளும் உண்டு. அடிமைக்குத் திருமணம் சட்டப்படி செல்லாது என்பதால், ஏற்கெனவே கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை அப்போதுதான் பதிந்தார்கள்.

முன்னோர்களில் யாராவது உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தாரா என்று கட்டாயம் பாருங்கள். கறுப்பினப் படைப்பிரிவுகளில் சுமார் 1,79,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களுடைய ஓய்வூதியக் கோப்புகள், முக்கியமாக விதவையின் விண்ணப்பம், சில சமயம் நூறு பக்கம்வரை போகும். இந்தப் பெண்தான் அவருடைய மனைவியா என்று நிரூபிக்க அண்டை அயலார், கூட அடிமையாக இருந்தவர்கள், சில சமயம் எஜமானர் குடும்பத்தார்கூடச் சாட்சி சொல்லியிருப்பார்கள். எங்கே பிறந்தோம், யாரிடமிருந்து யாருக்கு விற்றார்கள் என்று அவர்களே தம் வாயால் சொன்னது அதில் இருக்கும்.

உடைமைக்காரரைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அடுத்து?

இனிமேல் நீங்கள் தேட வேண்டியது அவருடைய குடும்ப வரலாற்றை. கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் பெயர்கள் அவருடைய காகிதங்களில்தான் இருக்கின்றன. உயில், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை, கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது, கடன் வழக்குகள். அடிமைகளை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது சர்வசாதாரணம், அந்தப் பத்திரத்தில் பெயரும் வயதும் கண்டிப்பாக இருக்கும், ஏனென்றால் கடன் கொடுத்தவருக்கு அது வேண்டும். கணக்கெடுப்புக்குத் தேவைப்படாத பெயர் கடன்காரருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் மிஷேல் ஒபாமாவின் வழி. அவருக்கு ஐந்து தலைமுறை முந்தைய மெல்வினியா என்ற பெண் தென் கரோலினாவில் டேவிட் பேட்டர்சன் என்பவரின் 1850 உயிலில் வருகிறார். நூற்பு ராட்டை, அரிவாள், மேசை விரிப்பு, மாடுகள் இவற்றுக்கு நடுவே ஆறு வயதுச் சிறுமி. கொஞ்ச காலத்தில் அவருக்கு 475 டாலர் என்று விலை போட்டார்கள். பேட்டர்சன் இறந்ததும் அவருடைய மகள், மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸ் இருந்த ஜார்ஜியாவுக்கு அந்தச் சிறுமி போய்ச் சேர்ந்தார். விடுதலைக்குப் பின் அவர் வைத்துக்கொண்ட குடும்பப்பெயர் ஷீல்ட்ஸ். 1870 கணக்கெடுப்பில் அவர் ஹென்றியின் மகன் ஒருவருடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே பண்ணைக் கூலியாக இருக்கிறார்.

இந்தக் கதையில் நமக்கான பாடங்கள் மூன்று. ஷீல்ட்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்துப் போனால் ஜார்ஜியாவோடு நின்றுவிடும், ஷீல்ட்ஸின் மனைவி யாருடைய மகள் என்று கேட்டால்தான் தென் கரோலினா உயிலுக்கு வழி கிடைக்கும். அதனால் உடைமைக்காரரின் மாமனாரை எப்போதும் தேடுங்கள். இரண்டாவது, 1870இல் பக்கத்து வீடு பேசுகிறது. மூன்றாவது, பிற்காலத்தில் மெல்வினியா ஜார்ஜியாவிலேயே வேறு இடத்துக்குக் குடிபோனபோது, சிறுவயதில் பேட்டர்சன் பண்ணையில் தன்னோடு இருந்தவர்களின் அருகே போய்ச் சேர்ந்தார், அந்தக் குடும்பத்துப் பெண்ணை அவர் மகன் மணந்தார். பிரிக்கப்பட்டவர்கள் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்வது நடந்திருக்கிறது. ஆகவே 1870க்குப் பிறகு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் 1865க்கு முந்தைய பட்டியலுக்குச் சாவியாகலாம். 1938இல் அவர் இறந்தபோது இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’ என்றுதான் எழுதினார்கள்.

என் முன்னோர் எந்தப் பட்டியலிலும் பொருந்தவில்லையே?

முதலில் அவர் அடிமையாகத்தான் இருந்தாரா என்று பாருங்கள். 1860இல் சுமார் 4,88,000 கறுப்பினத்தவர் சுதந்திரமானவர்கள், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது பேரில் ஒருவர். அவர்கள் முதலாம் அட்டவணையில் முழுப்பெயரோடு இருக்கிறார்கள். இதைப் பார்க்காமலேயே நேராக அடிமை அட்டவணைக்குள் இறங்கி மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் நிறைய.

இல்லையென்றால் ஊர் மாறியிருக்கலாம். போர்க்காலத்தில் வடக்குப் படை நெருங்க நெருங்க, மிசிசிப்பி, லூசியானா உடைமைக்காரர்கள் அடிமைகளை ஓட்டிக்கொண்டு டெக்சஸுக்குப் போனார்கள். 1870இல் டெக்சஸில் இருப்பவர் 1860இல் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்தில் பிறந்ததாகப் போட்டிருக்கிறது என்று பார்த்தால் பாதை தெரியும். செரோக்கி, சோக்டா போன்ற பழங்குடி நாடுகளில் அடிமையாக இருந்தவர்களின் வழி என்றால் டாஸ் பட்டியல்களின் (அந்தப் பழங்குடி நாடுகளின் உறுப்பினர்களை அமெரிக்க அரசு பதிந்த பட்டியல்கள்) விடுதலை பெற்றோர் அட்டைகளைப் பாருங்கள், பழைய உடைமைக்காரரின் பெயரே அதில் எழுதியிருக்கும்.

தப்பியோடியவர் பத்தியில் குறி இருக்கிறதா என்று பார்த்தால் ஒன்றுமே இல்லையே?

நாடு முழுவதற்கும் 1850இல் 1,011 பேர், 1860இல் 803 பேர்தான் அதில் பதிவு. ஓடியவர்கள் அவ்வளவுதான் என்று யாரும் நம்ப வேண்டாம், ஓடிப்போனார்கள் என்று சொல்லிக்கொள்ள உடைமைக்காரர்களுக்கு விருப்பமில்லை. செய்தித்தாள்களின் தப்பியோடியோர் விளம்பரங்களில் பெயர், உயரம், தழும்பு, உடுத்தியிருந்த துணிவரை கிடைக்கும், அங்கே போங்கள்.

1850க்கு முன்னால் எதுவும் இல்லையா?

1790 முதல் 1840வரை குடும்பத் தலைவரின் பெயருக்கு நேரே எண்ணிக்கை மட்டும். 1820இலிருந்து ஆண், பெண், வயதுப் பிரிவு என்று கட்டங்கள் வந்தன, ஆனால் 10 முதல் 24 வயது என்ற ஒரே கட்டத்தில் யாரை அடையாளம் காண்பது? இந்தக் காலத்துக்கு உயிலும் பத்திரமும்தான் கதி.

கப்பல் பட்டியல் ஒன்று உண்டு. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடையானபின், உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே கப்பலில் கொண்டுபோகிறவர்கள் ஒவ்வொருவரின் பெயர், வயது, பால், உயரம், நிறம் எழுதிக் கொடுக்க வேண்டும். 1838இல் மேரிலாந்து ஏசு சபையினர் 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. விற்றவர்கள் எழுதிவைத்த பெயர்ப்பட்டியலும் கப்பல் பட்டியலும் பிழைத்ததால் இன்று ஆயிரக்கணக்கான வாரிசுகளை அடையாளம் காண முடிந்திருக்கிறது.

இணையதளத்தில் தேடினால் அடிமை அட்டவணையில் என் முன்னோரின் பெயரே வருகிறதே!

வருவது அதே பெயருள்ள உடைமைக்காரர். ஆன்செஸ்ட்ரி, ஃபேமிலிசர்ச் தளங்களில் இந்த ஏட்டுக்கான தேடல் உடைமைக்காரர் பெயரில்தான் இயங்கும். தளம் ‘குறிப்பு’ என்று காட்டியதும் சொடுக்கி இணைத்துவிட்டால், அடிமையாக இருந்தவரின் வம்சாவளி மரத்தில் அவரே அடிமைகளை வைத்திருந்ததாக ஏறிவிடும். இப்படிக் கெட்டுப்போன மரங்கள் இணையத்தில் ஏராளம், ஒருவர் செய்ததை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள்.

தளத்தின் பெயர்ச் சுட்டியைவிட்டு ஏட்டின் படத்தையே பார்ப்பது நல்லது. அந்தப் படமும் சில சமயம் நகல்தான், 1850இல் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அலுவலகத்துக்கு ஒன்று என்று கணக்கெடுப்பாளர்கள் பிரதி எடுத்து அனுப்பினார்கள். எழுதி எழுதிச் சலித்த கை ஒரு வரியைத் தாண்டிப்போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

அதே ஆண்டுகளில் பெயர் கிடைக்கும் கணக்கெடுப்பு ஏடு ஏதாவது உண்டா?

உண்டு, இறப்பு அட்டவணை. 1850, 1860 ஜூன் 1க்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்கள் பட்டியல். இதில் அடிமைகளுக்கும் பல இடங்களில் முதற்பெயரும், பக்கத்தில் உடைமைக்காரரின் பெயரும், இறந்த மாதமும், நோயும் இருக்கும். உயிரோடு இருக்கும்வரை பெயர் எழுதாதவர்கள் செத்தபிறகு எழுதினார்கள்.

டிஎன்ஏ சோதனை செய்தால் இந்தத் தலைவலி எல்லாம் தேவையில்லையே?

டிஎன்ஏ உறவு இருக்கிறது என்று சொல்லும், எந்த உறவு என்று சொல்லாது. உங்களுக்கும் உடைமைக்காரர் வழியில் வந்த ஒருவருக்கும் பொருத்தம் வந்தால் காகிதச் சான்றோடு சேர்த்துப் பார்க்க உதவும். காகிதம் இல்லாமல் அது மட்டும் போதாது, அது இல்லாமல் காகிதம் மட்டும் போதாத இடங்களும் இருக்கின்றன, முக்கியமாகத் தகப்பன் பெயரை எழுதாமல் விட்ட இடங்களில்.

அட்டவணையில் கிடைத்ததை மரத்தில் எப்படி எழுதுவது?

பெயரை நேராக ஒட்டாதீர்கள். ‘1860, இன்ன கவுண்டி, இன்னாரின் பட்டியல், இத்தனையாவது வரி, பெண், 37, பிளாக், இவர் நம் பாட்டியாக இருக்கலாம், காரணம்: பிள்ளைகளின் வயது இடைவெளி பொருந்துகிறது, 1866 கூலி ஒப்பந்தத்தில் இதே உடைமைக்காரர்’ என்று எழுதுங்கள். இருக்கலாம் என்ற சொல்லை வெட்டக்கூடாது. நாளை ஓர் உயிலில் பெயர் கிடைத்தால் அப்போது வெட்டிக்கொள்ளலாம்.

கரீபியன், மொரீசியஸ், இலங்கைப் பக்கம் இதே மாதிரி ஏடு உண்டா?

உண்டு, இதைவிட நல்ல ஏடுகள். பிரிட்டிஷ் காலனிகளில் 1810களிலிருந்து அடிமைப் பதிவேடு வந்தது, திருட்டுத்தனமாகப் புதிதாகக் கொண்டுவருகிறார்களா என்று கண்காணிக்கத்தான். கண்காணிக்க ஆளை அடையாளம் தெரிய வேண்டும், ஆகவே பெயர் எழுதினார்கள். ஜமைக்காவில் 1817 தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 1832வரை பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா உள்ளூரில் பிறந்தவரா, பல பதிவுகளில் தாயின் பெயரும் உண்டு. பிரதிகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டி (T) 71 என்ற தொகுப்பில் இருக்கின்றன.

மொரீசியஸ் பதிவேடுகளில் மொசாம்பிக், மலகாசி என்ற பிரிவுகளோடு ‘இந்தியர்’ என்ற பிரிவும் வரும். பிரெஞ்சுக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் அதில் உண்டு. இலங்கைப் பதிவேடுகளும் டி 71இல் இருக்கின்றன. ஆனால் 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் போனவர்களை இந்த ஏடுகளில் தேடாதீர்கள். அவர்களுக்குக் கப்பல்வாரியாகத் தனிப் பட்டியல் இருக்கிறது, அதில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம்வரை எழுதியிருக்கும்.